பாலத்தடி வீட்டுக்காரரின் சாவு அறிவிப்பு

கயகுராவில் ஒருவர் செத்துவிட்டார் என்றால் அதை ஒலிபெருக்கி சொல்ல வேண்டும். வைத்தியர் சொன்னால் போதாது. துறவி வந்து மணி அடித்தாலும் போதாது. மலைச்சரிவு முழுக்க நாற்பத்தொரு கம்பங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் சாம்பல் நிறக் குழாய்கள் இரண்டு. எந்தப் பகுதி, எந்த வீடு, என்ன பெயர், என்ன வயது, சடங்கு என்றைக்கு என்று அந்தக் குழாய்கள் சொல்லிக் காதில் விழுந்த பிறகுதான் ஆட்கள் கறுப்பு உடுப்பை வெளியே எடுப்பார்கள். அதற்கு முன்னால் துக்க வீட்டு வாசலில் போய் நின்றால், கூப்பிடாத விருந்துக்குப் போன மாதிரி.

பதினெட்டு வருஷமாக அதை வாசித்தவள் அராமகி ஷிகெனோ. பேரூராட்சி அலுவலகத்தின் மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு மைக். காலை ஆறரைக்கும் மதியம் பன்னிரண்டு பத்துக்கும் வாசிப்பாள். எந்த அறிவிப்பையும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். முதல் தரம் குரல் எதிர்மலையில் முட்டித் திரும்பி, தன் மேலேயே விழுந்து குழம்பிப் போகும். ஆனால் அதைக் கேட்டதும் ஊர் கை வேலையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்ளும். இரண்டாம் தரம்தான் உண்மையான அறிவிப்பு. ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஹச்சியா என்பதால் வீட்டுப் பெயரையும் சொல்லியாக வேண்டும். கரிக்கார வீடு, இரட்டைக் கிணற்று வீடு, பாலத்தடி வீடு. பட்டம் பதவி எதுவும் சேர்ப்பதில்லை. பள்ளித் தலைமையாசிரியர் செத்தாலும் மரம் வெட்டுகிறவர் செத்தாலும் ஒரே அளவு வாக்கியம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கயகுராவை தோமிசாகா மாநகராட்சியோடு சேர்த்தார்கள். கணவாய் தாண்டி நாற்பது கிலோமீட்டரில், கடலோரத்தில் இருக்கிற ஊர் தோமிசாகா. கையெழுத்துப் போட்டவர் கயகுராவின் கடைசித் தலைவர், பாலத்தடி வீட்டு ஹச்சியா தொகுஸோ. அதற்கு முன்னால் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஊரைக் கூட்டி, "பெயர்ப்பலகை ஒண்ணுதான் மாறும். வேற ஒரு ஆணிகூட அசையாது" என்றார். மின்சாதனக் கடை வைத்திருந்த கோஸுகே கிழவர், வாசலில் கொடுத்திருந்த பச்சை பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றி மேடையை நோக்கி வீசினார். அது தலைவர் மேல் படாமல் பூந்தொட்டியில் விழுந்தது. கூட்டம் முடிந்ததும் தொகுஸோ ஷிகெனோவிடம் தனியாக வந்து, "உன் குரல் மட்டும் எங்கேயும் போகாதும்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அடுத்த வருஷமே குடிநீர்ப் பிரிவு தோமிசாகாவுக்குப் போனது. அதில் வேலை பார்த்த ஷிகெனோவின் கணவன் பனியிலும் மழையிலும் தினம் கணவாயைத் தாண்டிப் போய்வந்தான். பேரூராட்சி அலுவலகம் 'கிளை அலுவலகம்' ஆனது. இருபத்தெட்டுப் பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர். ஷிகெனோ வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிக்கிற ஒப்பந்த ஊழியராக ஆனாள். குரல் மட்டும் இருந்தது. இந்த ஏப்ரலில் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. சாவு அறிவிப்பு தனிநபர் விவரங்களை வெளியிடுவதாகும், மாநகராட்சியின் மற்ற பகுதிகளில் அந்த வழக்கம் இல்லை, ஆகவே நிறுத்தவும். வெள்ளம், தேர்தல், தடுப்பூசி, கரடி நடமாட்டம் ஆகியவற்றை மட்டும் அறிவிக்கலாம்.

அதனால் என்ன ஆகும் என்று ஜூன் மாதம்தான் ஊருக்குத் தெரிந்தது. கரிக்கார வீட்டு இசாமு தோமிசாகா ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். மகன் அங்கேயே ஒரு மண்டபத்தில் சடங்கை முடித்துவிட்டான். ஒலிபெருக்கி ஒன்றும் சொல்லவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற யோனே என்கிற கிழவி, அவர் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்து, தோட்டத்து வெங்காயத்தாளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுக் கட்டாக அவர் வாசலில் வைத்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. அழுகிப்போன ஆறு கட்டையும் அள்ளிக்கொண்டு நேராகக் கிளை அலுவலகத்துக்கு வந்தாள். ஷிகெனோவின் முன்னால் மேஜை மேல் போட்டாள்.

"செத்தவன் வீட்டு வாசல்ல பன்னெண்டு நாளா காய்கறி வெச்சிட்டு வந்திருக்கேன். பல்லை இளிச்சுக்கிட்டு 'இசாமு, நல்லா சாப்பிடு'ன்னு கதவைப் பாத்துச் சொல்லிட்டு வேற வந்திருக்கேன். தொண்டை உனக்குத்தானே இருந்துச்சு? என்ன, பூட்டுப் போட்டுட்டானுங்களா?"

ஷிகெனோ கட்டுகளை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மேஜையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். அந்த நாற்றம் விரல்களில் இரண்டு நாள் இருந்தது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொகுஸோவின் மனைவி ஃபுஸாயே கிளை அலுவலகத்துக்கு வந்தாள். ரப்பர் பூட்ஸில் பனி ஒட்டியிருந்தது. வைத்தியர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினாள். விடிகிற நேரத்தில் போய்விட்டார். தகனத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஷிகெனோ எழுந்து நின்று தலை தாழ்த்தினாள். பிறகு உட்கார்ந்து சீட்டை எழுத ஆரம்பித்தாள்.

"சடங்கு எப்பம்மா?"

"வியாழக்கிழமை பதினோரு மணி. மேட்டுக் கோயில்ல. சாப்பாட்டுக்காரன் எத்தனை பேர்னு கேட்டான். பத்துன்னேன். போனை வெச்சப்புறம் யோசிக்கறேன், பத்தே கொஞ்சம் ஜாஸ்தியோன்னு."

"யார் யாருக்குச் சொல்லியிருக்கீங்க?"

"யாருக்குன்னு சொல்ல? நான் வீடு வீடா ஏறினா, வாங்க வாங்கன்னு கெஞ்சற மாதிரி ஆயிடும். அதுவும் இவருக்காக! ஒலிபெருக்கி சொன்னா அதுல ஒரு கெஞ்சலும் இல்ல பாரு. வர்றவங்க வருவாங்க, வராதவங்க வரமாட்டாங்க. ரெண்டு பேருக்கும் கௌரவம்." சொல்லிவிட்டுக் கையுறையை மாட்ட ஆரம்பித்தாள். "ஆனா அது இப்ப இல்லைன்னு எனக்கும் தெரியும். இவர் போட்ட கையெழுத்துதானே. அவருக்கே வாய்க்கல. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். உன்னை நான் ஒண்ணும் கேட்க வரல ஷிகெனோ. மார்ச்சுல உனக்கு ஒப்பந்தம் இருக்கு. எனக்கு இந்தக் காகிதத்துல சீல் குத்திக் குடு, போதும்."

ஷிகெனோ சீல் குத்தினாள். அதில் தோமிசாகா என்றுதான் இருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஃபுஸாயே அவர்களைத் தாண்டிப் போனபோது ஒருத்தி லேசாகத் தலையசைத்தாள். இன்னொருத்தி பஸ் நேரம் எழுதிய பலகையைப் படித்தாள். அந்தப் பஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் வரும். நேரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர் கயகுராவில் யாரும் இல்லை.

ஷிகெனோ ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொகுஸோ மேல் அவளுக்கு இரக்கம் எதுவும் வரவில்லை. உன் குரலுக்கு நான் பொறுப்பு என்று சொன்ன மனிதர். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஆனால் இன்னொன்றும் தோன்றியது. ஏப்ரலிலிருந்து நான்கு பேர் சத்தமில்லாமல் போயிருக்கிறார்கள். நான்கு தடவையும் ஊர் கோபப்பட்டது. இந்த ஐந்தாவது ஆளுக்கு மட்டும் கோபப்படாது. நல்லா வேணும் என்று சொல்லும். அப்படிச் சொல்லிவிட்டால், அந்தச் சுற்றறிக்கையில் ஊர் தானே கீழே கையெழுத்துப் போட்டது மாதிரி. பிடித்தவனுக்கு மட்டும் வாசிக்கிறதென்றால் அது சாவு அறிவிப்பு இல்லை, பரிசளிப்பு விழா.

மணி பதினொன்றே முக்கால். அவள் கிளைத் தலைவர் நிவாவின் மேஜைக்குப் போனாள். நிவா தோமிசாகாவிலிருந்து அனுப்பப்பட்டவர். முப்பத்தேழு வயது. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். பென்சில்களை உயர வரிசையில் அடுக்கி வைப்பார்.

"சார், பாலத்தடி வீட்டுக்காரர் தவறிட்டார். பன்னெண்டு பத்துக்கு வாசிக்கப் போறேன்."

நிவா பென்சிலைக் கீழே வைத்தார். "அராமகி மேடம், சுற்றறிக்கை உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். கோப்புல போட்டதே நான்தான்."

"காரணம் இல்லாம சொல்லல மேடம். இன்னிக்கு இத்தனை மணிக்கு இந்த வீட்ல எல்லாரும் கோயிலுக்குப் போயிருப்பாங்கன்னு நாமளே மலை முழுக்கக் கத்திச் சொன்னா, திருடனுக்கு விலாசம் குடுத்த மாதிரி. மத்த ஊர்ல நடந்திருக்கு."

"கயகுராவுல என்ன சார் இருக்கு திருட? முள்ளங்கி ஊறுகாய்ச் சாடியா? அதைத் தூக்கிட்டு அவன் கணவாய் ஏறட்டும், நான் பாக்கறேன்."

நிவா சிரிக்கவில்லை. "விதி எல்லாப் பகுதிக்கும் ஒண்ணுதான்."

"இன்னிக்கு என்ன வாசிக்கணும்னு மேஜையில வெச்சிருக்கீங்க?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். "வடக்குச் சரிவுல கரடித் தடம்."

"கரடி வந்தா சொல்லலாம். மனுஷன் போனா சொல்லக் கூடாது."

"மேடம், நான் உங்களை மிரட்டறதா நினைக்காதீங்க. மார்ச்சுல உங்க ஒப்பந்தத்துக்குப் பரிந்துரை எழுதப் போறது நான்தான். நல்லா எழுதணும்னுதான் எனக்கும் ஆசை."

"அப்ப நல்லா எழுதுங்க. குரல் தெளிவா இருக்கும்னு எழுதுங்க," என்று சொல்லிவிட்டு ஷிகெனோ படியேறினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

பன்னிரண்டு பத்துக்கு மணியோசையை ஒலிக்கவிட்டாள். கரடியை இரண்டு தரம் வாசித்தாள். தனியாக விறகு பொறுக்கப் போகாதீர்கள், மணி கட்டிக்கொண்டு நடங்கள். பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"கயகுரா ஊராருக்கு அறிவிப்பு. கிழக்கு ஓதானி, பாலத்தடி வீடு, ஹச்சியா தொகுஸோ, வயது எழுபத்தாறு, இன்று காலை காலமானார். இறுதிச் சடங்கு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மேட்டுக் கோயிலில் நடைபெறும்."

அவள் குரல் வெளியே எதிர்மலையில் முட்டித் திரும்பி வருவது ஜன்னல் கண்ணாடியில் அதிர்ந்தது. எட்டு மாசத்துக்குப் பிறகு அந்த வார்த்தைகள். கீழே படியில் அவசர அவசரமாகக் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிவா வந்து நின்றார். நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் குறுக்காக வைத்துக் காட்டினார். ஷிகெனோ அவரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"மறுபடியும் அறிவிக்கிறேன். கிழக்கு ஓதானி, பாலத்தடி வீடு, ஹச்சியா..."

விளக்கு அணைந்தது. கதவுக்கு வெளியே சுவரில் இருந்த பெரிய ஸ்விட்சின் மேல் நிவாவின் கை இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டவர் மாதிரி இருந்தது.

கயகுராவில் ஒலிபெருக்கி பாதி வாக்கியத்தில் நின்றதே கிடையாது. நிலநடுக்கத்தன்றுகூட நிற்கவில்லை. நிவா வெளியூர்க்காரர். முதல் தரத்திலேயே எல்லாம் சொல்லி முடிந்துவிட்டது, இரண்டாவதை நிறுத்தினால் கொஞ்சம் சேதம் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார். முதல் தரத்தில் யாருக்கும் ஒன்றும் சரியாக விளங்காது என்பதும், இரண்டாம் தரத்துக்காகத்தான் ஊரே அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. பாலத்தடி வீட்டில் யாரோ. அதுவரைதான் கேட்டது. தொகுஸோவா, மனைவியா? எப்போது? எங்கே?

ஐந்து நிமிஷத்தில் கீழே தொலைபேசி மூன்றும் அடிக்க ஆரம்பித்தன. பத்து நிமிஷத்தில் ஆட்கள் வந்தார்கள். சமையல் துணியோடு பக்கத்துத் தெருப் பெண்கள், பனிவாரியைத் தோளில் வைத்தபடி தபால்காரர், டிராக்டரை வாசலில் நிறுத்திவிட்டு ஒருவர். யோனே ஒரு கைத்தடியோடு வந்தாள். கடைசியாக கோஸுகே கிழவர்.

ஷிகெனோ மாடியிலிருந்து இறங்கி வந்து மேஜைக்குப் பின்னால் நின்றாள்.

"பாலத்தடி வீட்ல யாருடி?" என்றாள் யோனே. "அவனா, அவளா?"

"சொல்லிடுங்க மேடம், வாயால சொல்லி அனுப்பிடுங்க," என்றார் நிவா மெதுவாக. "நேர்ல கேட்டா சொல்றதுல தப்பில்ல."

ஷிகெனோவுக்கு அந்த நிமிஷம் எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது வாயால் சொன்னால் பிரச்சினை முடிந்துவிடும். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மார்ச்சில் ஒப்பந்தம் வந்துவிடும். அடுத்த சாவுக்கும் இதே மாதிரி வந்து கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள். கால் இல்லாதவர், வண்டி இல்லாதவர், மேல் ஓதானியில் பனிக்குள் தனியாக இருக்கிறவர் யாருக்கும் தெரியாது.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "மைக்லதான் சொல்வேன். ரெண்டு தரம் சொல்வேன். அதுதான் வழக்கம்."

எல்லோரும் நிவாவைப் பார்த்தார்கள்.

"நான் மாநகராட்சிக்குக் கேட்டுச் சொல்றேன்," என்று அவர் தொலைபேசியை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாநகராட்சியில் மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு மணி வரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கோஸுகே கிழவர் ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, என்னைப் பத்தி உனக்கு யாராவது சொல்லியிருப்பாங்க. அந்த ஆளுக்குச் செருப்பு வீசினவன் நான். குறி தப்பிடுச்சு, அது இன்னிக்கும் வருத்தம். அவர் செத்தாரா இருந்தாரான்னு எனக்கு ஒரு வார்த்தையும் வேணாம். ஆனா பாதியில நிறுத்தின வார்த்தை வேணும். ஹச்சியான்னு நிறுத்தினா, ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. தும்மல் பாதியில நின்ன மாதிரி இருக்கு."

"ஐயா, என் கையில ஒண்ணும் இல்ல."

"உன் கையில இல்லப்பா. மாடியில சுவத்துல இருக்கு. அதை மாட்டினவனே நான்." கிழவர் எழுந்தார். எண்பத்துமூன்று வயதுக்கு அவர் படியேறிய வேகம் ஷிகெனோவுக்கே ஆச்சரியமாக இருந்தது. நிவா பின்னாலேயே ஓடினார். அவர் பின்னால் ஊர் ஏறியது. படிக்கட்டு முழுக்க ஈரமான பூட்ஸ் தடம்.

"ஐயா, அது மாநகராட்சிச் சொத்து!"

கிழவர் ஸ்விட்சுக்குக் கீழே ஒட்டியிருந்த பித்தளைத் தகட்டை விரலால் தட்டினார். "கண்ணாடி போட்டிருக்கியே, படி. கயகுரா பேரூராட்சி. அதுக்குக் கீழ என் கடைப் பேர். பேரை மாத்தணும்னா மொதல்ல இதை மாத்தியிருக்கணும். மூணு வருஷமா உங்களுக்கு நாலு திருகாணி கழட்ட நேரம் கிடைக்கல."

அவர் ஸ்விட்சை மேலே தள்ளினார். அறைக்குள் விளக்கு எரிந்தது. நிவா கையை நீட்டினார். ஆனால் யோனே ஏற்கெனவே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். ஸ்விட்ச் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தொண்ணூறு வயதுக் கிழவியை நகர்த்தச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

"எனக்கு முதுகுவலி. கொஞ்ச நேரம் சாஞ்சுக்கறேன்," என்றாள் அவள்.

ஷிகெனோ உள்ளே போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, முழுதாக இரண்டு தரம் வாசித்தாள். இரண்டாம் தரம், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மலை பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து வாசித்தாள். தோமிசாகா மாநகராட்சி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

முடிந்ததும் கோஸுகே கிழவர் மூக்கைச் சிந்தினார். "அவரேதானா," என்றார். "சரி. வியாழக்கிழமை பதினோரு மணி." பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறியபோது இல்லாத வயதோடு இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை மேட்டுக் கோயிலுக்கு நூற்றைம்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஷிகெனோ பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டாள். வாசலில் பூட்ஸ் வைக்க இடமில்லாமல் பனியிலேயே வரிசையாக வைத்தார்கள். எல்லோரும் துக்கப்பட்டு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் முறைத்துக்கொண்டுதான் வந்தார்கள். கோஸுகே கிழவர் முறை வந்ததும் தூபப் பொடியைச் சிட்டிகை எடுத்துப் போட்டுவிட்டு, படத்தைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "உனக்காக வரல. குரல் கூப்பிட்டுச்சு, வந்தேன். நீ செஞ்சது தப்புதான். அங்க போயும் மறந்துடாதே." ஃபுஸாயே அவருக்குத் தலை தாழ்த்தினாள். அவரும் தாழ்த்தினார். அவர் வழுக்கை தரையில் படுகிற அளவுக்குத் தாழ்த்தினார்.

பத்துப் பேர் சாப்பாடு பெரிய கேலிக்கூத்தாகிவிட்டது. ஆனால் கிழக்கு ஓதானிப் பெண்கள் புதன்கிழமையே அதை எதிர்பார்த்து, கோயில் அடுக்களையைப் பிடித்துக்கொண்டார்கள். சோற்று உருண்டைகள், கிழங்குக் குழம்பு, சாடி சாடியாக முள்ளங்கி ஊறுகாய். "திருடன் வரலியா?" என்று யாரோ கேட்டார்கள். "வந்திருக்கான், அதோ ரெண்டாவது தட்டு வாங்கறான்," என்று தபால்காரரைக் காட்டினாள் யோனே. அவள் குழம்பில் வெங்காயத்தாளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு நடுவில் நிவா வந்தார். கறுப்பு டை கட்டியிருந்தார். முதலில் போய்த் தூபம் போட்டார். அதில் குறை சொல்ல முடியாது. பிறகு ஷிகெனோவைத் தேடி வந்தார்.

"மேடம், இதை இங்க குடுக்கக் கூடாதுன்னு தெரியும். ஆனா இன்னிக்கே சேர்க்கணும்னு சொல்லிட்டாங்க." உறையை இரண்டு கையாலும் நீட்டினார்.

ஷிகெனோ அங்கேயே பிரித்துப் படித்தாள். மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப்படாது. ஒலிபரப்பு அறையின் சாவியை உடனே ஒப்படைக்கவும்.

படித்தால் அழுகை வரும் என்று இரண்டு நாளாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். வரவில்லை. கணவனைப் பார்த்தாள். அவன் சோற்று உருண்டையை வாயில் வைத்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

"மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் நான் ஊழியர்தானே?"

"ஆமா மேடம்."

"காலையில ஆறரை, மதியம் பன்னெண்டு பத்து வாசிக்கறது என் ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. சாவி இல்லாம எப்படி வாசிப்பேன்? நாளைக்குக் கரடி வந்தா யார் சொல்றது, நீங்களா? மார்ச் முப்பத்தொண்ணு சாயங்காலம் வாங்க, சாவி தர்றேன். அதுவரைக்கும் யார் செத்தாலும் வாசிப்பேன். இதையும் அப்படியே எழுதி அனுப்புங்க. எழுத்துல வேணும்னா நானே எழுதித் தர்றேன்."

யோனே நிவாவின் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்தாள். "மொதல்ல குழம்பு குடி. சூடு ஆறிட்டா யாருக்கும் பிரயோஜனம் இல்ல."

கோஸுகே கிழவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். நாலு மாசம்கூட முழுசா இல்ல. அப்ப நாமெல்லாம் மார்ச்சுக்குள்ள செத்தாகணும்."

கூடம் சிரித்தது. ஃபுஸாயேகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ அவசரப்படாதே, உனக்கு இன்னும் கடன் இருக்கு, எங்க வீட்டு ரேடியோவைச் சரி பண்ணலை," என்றாள் யோனே. "மொதல்ல நான். மூத்தவ நான்தான்."

"நீ ஏழு வருஷமா மொதல்ல நான்னு சொல்லிட்டு இருக்க. அதுக்குள்ள ஷிகெனோவுக்கே வயசாயிடும்."

"அதெல்லாம் விடு. ஏண்டி ஷிகெனோ, என்னை எப்படி வாசிப்ப? போன தடவை என் நாத்தனாருக்கு 'மேட்டு வீடு'ன்னு வாசிச்ச. நாங்க மேட்டு வீடு இல்ல. 'மேட்டுக்குப் பின் வீடு'. மேட்டு வீட்டுக்காரன் எங்களோட மூணு தலைமுறையா பேசறதில்ல. அவன் வீட்டுப் பேர்ல நான் போகமாட்டேன்."

"அப்ப என் வயசையும் பாத்துக்க," என்று இன்னொரு கிழவர் எழுந்து வந்தார். "பதிவேட்டுல ஒரு வருஷம் கூட்டி எழுதி வெச்சிருக்கான்."

"என் புருஷன் பேரோட சேர்த்து வாசிக்காதம்மா. தனியா வாசி," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

ஷிகெனோ மாநகராட்சிக் கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தபால்காரரிடம் பேனா வாங்கினாள். அவள் முன்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நிவா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை, அவரும் விலகவில்லை. வரிசை அவரைச் சுற்றி வளைந்து போனது.

"மேட்டுக்குப் பின் வீடு," என்று எழுதி அடிக்கோடிட்டாள். "யோனே. வயசு தொண்ணூறு. சரியா?"

"இப்ப தொண்ணூறு. போகும்போது எவ்வளவோ, அதைப் போட்டுக்க. இடம் விட்டு எழுது."

அவள் வயதை அடித்துவிட்டு இடம் விட்டாள். தலையை நிமிர்த்தினாள்.

"அடுத்து யாரு?"